அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று எங்களோடு இருந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், அன்று அந்த மலையில் நின்ற மற்ற எல்லாருக்கும்,

உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம். விலாசமும் இல்லை. "எங்க மக எந்நேரமும் போனுதான்" என்று நீங்கள் சொன்னது மட்டும் நினைவில் நிற்கிறது. இது அந்தத் தங்கச்சியின் கண்ணில் பட்டு, அவ உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பதற்காகத்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறு பேர், ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் ஊரில் மலை இல்லை. பெயரிலே மலை இருக்கிறதே என்று கீரிமலைக்குப் போனாலும் கடலும் கேணியும்தான். சித்திரை வெயிலில் ஊர் காய்ந்து கிடந்தபோது, ஒரு நாளாவது மலையில் நடந்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி, விடிய முதல் மலைநாட்டு அப்புத்தளை. இரவு முழுக்கக் கண் அயராமல் வான் ஓட்டிய அண்ணைக்கு என் முதல் நன்றி. குளிருக்குப் போட எங்களிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்து, கனடாவிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போன ஜக்கெற்றுகளை அலுமாரியைக் கிண்டி எடுத்துத் தந்த பக்கத்து வீட்டு மாமிக்கும் நன்றி.

தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையடியில் இறங்கினோம். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து லிப்டன் சீட் என்ற மலை உச்சி வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர், எல்லாம் தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறுகிற றோட்டு. உச்சி கிட்டத்தட்ட 1,970 மீற்றர் உயரம். ஒன்பது மணி தாண்டினால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும், கெதியாய் நடவுங்கோ என்று எங்களைத் துரத்தியவர் அங்கே நின்ற ஓர் ஓட்டோ அண்ணைதான். அவர் சொன்னபடியே உச்சியில் எங்களுக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. தெற்கே மலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் போக, தூரத்தில் உடவளவைக் குளம் தகடுபோல மினுங்கியது. பிறந்ததிலிருந்து சமதரையில் நின்றே பார்த்த கண்ணுக்கு, கீழே முகில் போவதைப் பார்ப்பது என்னவென்று எழுத எனக்கு வரவில்லை. ஆறு பேரும் கதைக்காமல் நின்றோம். நாங்கள் கதைக்காமல் நிற்கிற ஆட்கள் இல்லை.

இறங்கும்போதுதான் அது நடந்தது. றோட்டைச் சுற்றாமல் குறுக்குப் பாதையால் இறங்குவோம் என்றது என் யோசனை. ஈரக் கல்லில் சறுக்கி, எங்கள் கிளிநொச்சிச் சிநேகிதனின் கணுக்கால் பிரண்டுவிட்டது. ஊன்ற முடியவில்லை. மூடுபனி சுற்றி வளைத்துவிட்டது, போனில் சிக்னலும் இல்லை. அந்த வெள்ளைக்குள் இருந்து உங்கள் குரல் கேட்டது, அக்கா. "யாருப்பா அது? அசையாதீங்க, நான் வாரேன்."

இடுப்பில் சாக்குப் படங்கும் முதுகில் பறித்த தேயிலைக் கொழுந்துமாக வந்தீர்கள். காலைத் தொட்டுப் பார்த்து, "எலும்பு போகல, நரம்பு பிசகியிருக்கு" என்றீர்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவன் காலில் இறுக்கிக் கட்டினீர்கள். உங்களோடு நின்ற பெரியம்மா, தன் பகல் சாப்பாட்டு ரொட்டியையும் சம்பலையும் பிரித்து எங்கள் ஆறு பேருக்கும் பிய்த்துத் தந்தா. கங்காணி ஐயா கொழுந்து லொறி வருகிற வளைவுக்கு ஒரு தம்பியை ஓடவிட்டார். லொறி வர ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நீங்கள் எங்களைவிட்டு அசையவில்லை.

"எந்த ஊரு தம்பி?" என்று அவனைக் கேட்டீர்கள். கிளிநொச்சி என்றான். அம்மம்மா பிறந்தது பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவ என்றான். நீங்கள் அவன் தலையைத் தடவி, "அப்ப நீ நம்ம புள்ளதானே" என்றீர்கள். கால் பிரண்டபோது அழாதவன் அப்போது அழுதான்.

அந்த நேரத்தில் ஒன்றைப் பார்த்தேன், ஆனால் விளங்கவில்லை. பக்கத்தால் போன அக்காமார் ஒவ்வொருவரும் தங்கள் பையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி உங்கள் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஓட்டோ அண்ணைதான் விளக்கினார். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறதாம். அது குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாது; அரைப்பேர்தான். நாங்கள் காசு நீட்டியபோது நீங்கள் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்களோடு இருந்த நேரம் உங்கள் நாட்சம்பளத்தில் பாதி, அக்கா. அது போகாமல் காப்பாற்றியவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும், பெயர் தெரியாமலே, கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. யாழ்ப்பாணத்தில் காலை எழும்பியதிலிருந்து படுக்கும்வரை தேத்தண்ணி குடிக்கிறோம். ஆனால் மலையகத்து உங்கள் ஆட்களை வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகளாக மட்டுமே அறிந்து வைத்திருந்த வீடுகள் எங்களிடம் கனக்க இருந்தன. என்னுடையதும் அதில் ஒன்று. அது எங்கள் பிழை. 200 வருசத்துக்கு முன் உங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுக்குள்ளால் மாத்தளைவரை நடந்தார்கள். அதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள் என்று அப்போது செய்தியில் பார்த்தேன், பார்த்துவிட்டு மறந்தும் போனேன். அந்த மாத்தளையை எங்கள் வான் தாண்டியபோது நான் நித்திரை.

தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து போட்டுவிட்ட ஐயாவுக்கும், கொழுந்துச் சாக்குகளை ஒதுக்கி அவனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்த லொறி அண்ணைக்கும் நன்றி. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னதுதான் சரி, எலும்பு முறியவில்லை. இப்போது நடக்கிறான்.

உங்கள் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. அவனுடைய அம்மம்மா அதைத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டு, மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாங்காய் முற்றத் தொடங்கிவிட்டது. வைகாசி கடைசியில் ஒரு பெட்டி பழத்தோடு வருகிறோம். இந்தமுறை அம்மம்மாவும் வருகிறா. 48 வருசத்துக்குப் பிறகு. ஓட்டோ அண்ணையிடம் சொல்லியாயிற்று, அவர் உங்கள் லயத்து வீட்டடிக்கே கூட்டிவருவார். உங்கள் பெயரை அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறோம்.

அன்போடு,
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறு பேரும்