"கொடியேத்தத்துக்கு முன்னாடி முடிச்சிருங்க": எங்க பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஃபாதர், கோயில் காரியங்களப் பாக்குற பங்குப்பேரவைக்காரங்க, தெருவாரியா கூடி ஜெபிக்கிற அன்பியங்களோட பொறுப்பாளர்கள், மரியாயின் சேனைங்கிற ஜெப சங்கத்து அக்காமார் எல்லாருக்கும்தான் இந்த மடல். நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ், முப்பது வருஷத்துக்கு மேல லேபர் வார்டுலயும் ஓபிலயும் நின்னவ, மைக் பிடிச்சுப் பேச வராது, அதான் எழுதுறேன்.

கருக்கலைப்பு பாவம்னு நம்ம கோயில்ல சொல்லாத வருஷமே இல்ல. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா வந்துட்டா பச்சப்பிள்ளைங்களக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவுல ஆரம்பிச்சு கருக்கலைப்ப அனுமதிச்ச 1971 சட்டம், 2021ல சில பேருக்கு 24 வாரம் வரைக்கும் நீட்டுனதுன்னு பிரசங்கம் போகும். தப்புன்னு சொல்லல. வயித்துப் பிள்ளையோட இதயத் துடிப்பக் கேக்குற டாப்ளர் மெஷின்ல அந்தக் குதிரை ஓடுற மாதிரி சத்தத்த எத்தனையோ தடவ கேட்டவ நான், வயித்துல இருக்கிறது உயிருதான்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். ஆனா அந்தப் பிரசங்கத்தக் கேட்டு ஒரு பொண்ணாவது மனசு மாறினாளான்னா, எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஒரு சாயங்காலம் ஒரு அம்மா பிள்ளையக் கூட்டிட்டு ஓபிக்கு வந்தாங்க. பிள்ளைக்கு 19, 20 வயசு இருக்கும், துப்பட்டாவ முக்காடா போட்டிருந்தா, கழுத்துல வேளாங்கண்ணில வாங்குன ஜெபமாலை. என்னப் பாத்ததும் அம்மாவுக்கு முகம் வெளிறிப் போச்சு, ஒரே பங்கு, ஒரே அன்பியம் பாருங்க. என் கையப் பிடிச்சு, "சிஸ்டர், கொடியேத்தத்துக்கு முன்னாடி முடிச்சிருங்க"ன்னாங்க. நம்ம கோயில் திருவிழா ஆரம்பிக்கிற கொடியேத்தத்ததான் சொன்னாங்க, அதுக்குள்ள கலைச்சிருங்கன்னு. போலீசுக்குப் பயந்தா புரியும், ஆண்டவருக்குப் பயந்தா அதுவும் புரியும், அவங்க பயந்தது சப்பரத்துக்குப் பின்னாடி ஜெபம் சொல்லிட்டு நடந்து வர்ற நமக்கு.

நான் என்ன செஞ்சேன்? டூட்டிய மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன், என் மனசாட்சி சுத்தமா இருந்தா போதும்னு. அந்தப் பிள்ளைகிட்ட "பெத்துக்கோம்மா, நான் கூட இருக்கேன்"னு ஒரு வார்த்த சொல்லல. அவள இந்த நிலைக்கு ஆளாக்கின பையன் இன்னமும் பாடகர் குழுவுல கீபோர்டு வாசிக்கிறான், அவன யாரும் ஒண்ணும் கேக்கல.

அயர்லாந்துல 1983ல வயித்துப் பிள்ளைக்கு அரசியல் சட்டத்துலயே பாதுகாப்பு வேணும்னு ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் சொன்னாங்க. 2018ல அதத் தூக்கிருங்கன்னு 66.4 சதவீதம் பேர் சொல்லிட்டாங்க. காரணம் பல இருக்கு, ஆனா ட்யூம்ங்கிற ஊர்ல கல்யாணம் ஆகாம உண்டான பொண்ணுங்கள ஒளிச்சு வெச்ச, கன்னியர்கள் நடத்துன இல்லத்துல 1925லருந்து 1961 வரைக்கும் செத்துப்போன 796 பிள்ளைங்கள எங்க அடக்கம் பண்ணாங்கன்னு பதிவே இல்லன்னு வெளிய வந்தப்புறம், உயிர் புனிதம்னு சபை சொன்னா ஜனம் எந்தக் காதால கேக்கும்?

1992ல சேலத்துல தமிழ்நாடு அரசு தொட்டில் வெச்சுச்சு, வேண்டாம்னு நினைக்கிற பிள்ளைய இங்க விட்டுட்டுப் போன்னு. நாம வருஷா வருஷம் கிறிஸ்மஸ் குடில் வெக்கிறோம், லைட்டுக்கே தனியா வசூல் பண்றோம், அந்தக் குடில்ல முழங்கால்ல இருக்கிற மாதாவும் சூசையப்பரோட கூடி வாழும் முன்னமே உண்டானவதான், அவரே சத்தமில்லாம விலக்கி விடலாம்னு யோசிச்சவர்தான், மத்தேயு முதல் அதிகாரத்துல இருக்கு. நம்ம தெருவுல நடந்திருந்தா மாதாவ என்ன பேசியிருப்போம்னு நினைச்சா எனக்கே கூசுது.

போப் பிரான்சிஸ் கார்டினலா இருந்தப்ப, 2012ல, கல்யாணமாகாத தாய்மாரோட பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்க மறுத்த குருக்கள வெளிவேடக்காரங்கன்னே திட்டினார். நம்ம பங்குல மறுக்கிறதில்ல, சரி, ஆனா புதன்கிழம மத்தியானம் கதவ சாத்திட்டுத்தான குடுக்குறோம்? அத ஞாயித்துக்கிழமப் பூசையில எல்லார் முன்னாடியும் குடுங்க ஃபாதர். பிரசவச் செலவ ஏழைங்களுக்கு உதவுற நம்ம வின்சென்ட் தே பவுல் சபை ஏத்துக்கட்டும், பத்தலன்னா திருவிழா வெடிக்குப் போற காசுல பாதிய எடுங்க. அன்பியத்துல யாராவது "அந்த வீட்டுல கலைச்சிட்டாங்களாமே"ன்னு ஆரம்பிச்சா அக்காமாரே நிப்பாட்டுங்க, நானும் அதுல சேர்த்திதான், பேசியிருக்கேன்.

அந்தப் பிள்ள இப்பவும் பூசைக்கு வர்றா. கடைசித் தூணுக்குப் பின்னாடி நிப்பா, பூசையில அப்பமா குடுக்குற நன்மை வாங்கப் போறதில்ல. கருவக் கலைச்ச பாவத்த எந்தக் குருவானவரும் மன்னிக்கலாம்னு 2016ல போப் பிரான்சிஸ் நிரந்தரமாவே அதிகாரம் குடுத்தாச்சு. அத அவகிட்ட யாரும் சொல்லலன்னு நினைக்கிறேன், இந்த ஞாயிறு நான் போய்ப் பேசப் போறேன், நீங்க பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனத் தொட்டில கொஞ்ச நேரம் கூட உக்காந்திருங்க ஃபாதர்.