மூட்டையிலிருந்து அள்ளும்போதே தொடங்குகிறது பிழை

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவில் பூஞ்சை நச்சு பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் 'இத்தனை மாதிரிகள் வரம்பை மீறின' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அந்த எண்ணை நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

நிலக்கடலையில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சீராகப் பரவியிருக்காது. பெரும்பாலான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஏதோ ஒன்றிரண்டில் நச்சு குவிந்திருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் வரைகூடப் பதிவாகியிருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பு போதும், 10 கிலோ கடலையின் சராசரியைக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமாக உயர்த்திவிடும். பதப்படுத்தலுக்கான நிலக்கடலைக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்போ கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். மூட்டையின் வாயிலிருந்து அரை கிலோ அள்ளிச் சோதித்தால் அந்தப் பருப்பு அதில் சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். பெரிய சரக்கு என்றால் 100 இடங்களிலிருந்து 200 கிராம் வீதம் எடுத்து 20 கிலோ சேர்க்க வேண்டும். அதிலிருந்து ஒரு பிடியைப் பிரித்து அரைப்பது தவறு. ஆய்வகத்துக்கு வரும் மாதிரி முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே 25 அல்லது 50 கிராம் எடுக்க வேண்டும். தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்தால் இன்னும் சீராகக் கலக்கும். மொத்தப் பிழையில் பெரும்பங்கு கருவிக்கு வெளியே, இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது.

ஆய்வகத்திலும் வழுக்கும் இடங்கள் உண்டு. நச்சைப் பிரித்தெடுக்க மெத்தனால் கலந்து எடுத்த சாற்றைத் தாங்கல் கரைசலால் (பஃபர்) போதிய அளவு நீர்க்காமல், நச்சை மட்டும் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் நிரப்பிய குழாயில் (நோயெதிர்ப்புப் பத்தி) விட்டால், அந்த எதிர்ப்பொருள் கெட்டு நச்சைப் பிடிக்காது. சாற்றை அவசரமாகத் தள்ளினாலும் இதே கதிதான். நொடிக்கு ஓரிரு சொட்டு போதும். நச்சு சேர்க்கப்பட்ட சுத்தமான மாதிரி ஒன்றை ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டி, சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது (மீட்புச் சதவீதம்) என்று பார்க்க வேண்டும். 70 முதல் 110 வரை ஏற்கலாம். அது 55 ஆக இறங்கிப்போய் யாரும் திருத்தவில்லை என்றால், 15 மைக்ரோகிராம் உள்ள சரக்கு 8 என்று அறிக்கையில் தேறிவிடும். எதிர்ப்பொருளைக் கொண்டு விரைவாகச் சோதிக்கும் எலிசா முறை முதல்கட்ட வடிகட்டலுக்கு நல்லது. ஆனால் மிளகாய் போன்ற மசாலாப் பொருட்களில் அது இல்லாத நச்சையும் இருப்பதாகக் காட்டக்கூடும் என்பதால், சாற்றிலுள்ள பொருட்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி போன்ற முறையில் உறுதிசெய்யாமல் செய்தியாக்கக் கூடாது.

'வரம்புக்குள் இருக்கிறது' என்பதற்கு 'ஆபத்தில்லை' என்று பொருள் கொள்வதுதான் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. அஃப்லடாக்சின் வகைகளில் ஒன்றான பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் உள்ள கடலையை 50 கிலோ எடையுள்ளவர் தினமும் 50 கிராம் சாப்பிட்டால், உடல் எடையில் கிலோவுக்கு 5 நானோகிராம் உள்ளே போகிறது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் சற்றே கூடுவதாகக் கண்ட அளவை வைத்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் எடுத்துக்கொண்ட ஒப்பீட்டு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 நானோகிராம். வகுத்தால் இடைவெளி 80 மடங்கு. கவலை குறைவு என்று சொல்ல 10,000 மடங்காவது வேண்டும். 15 கிலோ எடையுள்ள குழந்தை 30 கிராம் சாப்பிட்டால் இடைவெளி 40ஆகச் சுருங்கிவிடும். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இதே நச்சால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சராசரி மனிதரை வைத்துப் போடும் கணக்கில் அவர்கள் காணாமல் போகிறார்கள்.

'கண்டறியப்படவில்லை' என்பதைச் சுழியம் என்று எழுதுவதும் கணக்கைக் கெடுக்கும். கண்டறியும் வரம்பு 1 மைக்ரோகிராம் என்றால், ஒருமுறை 0 என்றும் மறுமுறை 1 என்றும் வைத்துக் கணக்கிட்டு இரு விடைகளையும் தர வேண்டும்.

எனவே இத்தகைய முடிவுகளை வெளியிடும்போது மாதிரியின் எடை, எடுத்த இடங்களின் எண்ணிக்கை, கண்டறியும் வரம்பு, மீட்புச் சதவீதம் ஆகியவற்றை ஆய்வகத்திடம் கேட்டு வாங்கி, ஒரு வரியிலாவது அச்சிடுமாறு வேண்டுகிறோம். தர மறுத்தால் அதையும் செய்தியில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உணவு நச்சுப் பகுப்பாய்வுத் துறையில் பணிபுரிவோர்