ஓய்வுபெற்றவர்களின் படை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் ‘ரிசர்வ்’ படை பற்றிய உங்கள் கட்டுரை, அதை ஓய்வுபெற்ற வீரர்களின் படை என்றே சொல்லிச் செல்கிறது. பணிக்காலம் முடிந்த பிறகும், கூப்பிட்டால் வர வேண்டிய கடமை உள்ளவர்கள் ‘ரெகுலர் ரிசர்வ்’. ‘ஆர்மி ரிசர்வ்’ வேறு. வங்கி ஊழியரும் லாரி ஓட்டுநரும் செவிலியரும் தம் வேலையை விடாமலே சேரும் பகுதிநேரத் தொண்டர் படை அது. 2014 வரை அதன் பெயர் டெரிட்டோரியல் ஆர்மி. நம் நாட்டில் அதே பெயரில் உள்ள படையை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் ராஜாஜி.

பிரிட்டனின் டெரிட்டோரியல் படையை உருவாக்க 1907-இல் அந்நாட்டுப் போர் அமைச்சர் ஹால்டேன் கொண்டுவந்த சட்டம் 1908 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிதறிக் கிடந்த தொண்டர் பட்டாலியன்களும் யோமன்ரி குதிரைப் படைகளும் 14 காலாட்படை டிவிஷன்களாகவும் 14 குதிரைப்படை பிரிகேடுகளாகவும் ஆயின. பயிற்சியும் கட்டளையும் ராணுவத்திடம். ஆள் சேர்ப்பு, டிரில் ஹால் எனும் பயிற்சிக்கூடக் கட்டடம் போன்றவை அந்தந்தக் கவுன்டி (மாவட்டம்) சங்கத்திடம். என் பார்வையில் ஹால்டேன் செய்த கெட்டிக்காரத்தனம் இந்தப் பிரிவினைதான். உள்ளூர்க்காரர்தான் உள்ளூர் முதலாளியிடம் பேச முடியும். முதல் உலகப் போர் மூண்ட 1914-இல், போர் அமைச்சரான கிச்சனர் இந்தச் சங்கங்களை ஒதுக்கிவிட்டுப் புதுப் படை திரட்டியதால், ஆள் சேர்ப்பு இரண்டு வழியாக நடந்தது. வெளிநாடு போகும் கட்டாயம் டெரிட்டோரியல்களுக்கு இல்லை. ஆனாலும் கையெழுத்திட்டுப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று டிவிஷன்கள் இந்தியாவுக்கே கப்பலேறின, இங்கிருந்த நிரந்தரப் படையைப் போர்முனைக்கு விடுவிக்க.

இன்றைய ஆர்மி ரிசர்வில் பொதுவாக ஒருவர் ஆண்டுக்கு 27 நாள் பயிற்சிக்கு வர வேண்டும். தொடர்ச்சியாக 15 நாள் முகாம். மீதி 12 நாள் வார இறுதிகளிலும் மாலைகளிலும். எட்டு மணி நேரம் ஒரு நாள். இரண்டு மணி நேர மாலைப் பயிற்சி கால் நாள். ஆக நான்கு மாலை வந்தால்தான் கணக்கில் ஒரு நாள் ஏறும். இத்துடன் துப்பாக்கிச் சுடுதல், உடல்திறன், முதலுதவித் தேர்வுகளையும் மார்ச் 31-க்குள் முடித்தால்தான் வரியில்லாத ஆண்டு ஊக்கத்தொகை கிடைக்கும். நாள்கள் நிறைந்தும் தேர்வு ஒன்று விட்டுப்போனால் பணம் போச்சு.

இந்தக் கணக்கு தெரியாமல் செலவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 அக்டோபர் உதாரணம். 2 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க ஆறு மாதம் இந்தப் படையின் பயிற்சியை நிறுத்தப் பார்த்தது பிரிட்டிஷ் அரசு. பயிற்சி நின்றால் கால் நாள்கள் சேராது, தேர்வுகள் காலாவதியாகும், ஊக்கத்தொகை போகும். பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த செவ்வாய்க்கிழமை மாலையில் வீட்டில் உட்கார்ந்து பழகியவர் திரும்பி வருவது சந்தேகம். எதிர்ப்பு வலுக்கவே, பிரதமர் கார்டன் பிரவுன் அந்த மாதமே பின்வாங்கினார்.

போருக்கு அழைக்கப்பட்டால் சிவில் வேலை போய்விடும் என்பதுபோல் கட்டுரை எழுதியிருப்பதும் சரியல்ல. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வேலையைக் காக்கிறது. ஆனால் அது தானாக வராது: படைப்பணி முடிந்ததிலிருந்து மூன்றாவது திங்கட்கிழமைக்குள் முதலாளிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

– வாசகர், கோவை