தையல் மிஷின் சத்தம்

அயனாவரம், சென்னை.

அன்பு மகளுக்கு,

உன் புது லோடு வண்டியின் இஞ்சின் சத்தத்தைப் பதிவு பண்ணி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி ஆறேழு தடவை போட்டுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பத்தைந்து வருஷம் டீசல் இஞ்சின் பக்கத்திலேயே நின்றதில் மெல்லிய சத்தம் எதுவும் இப்போது என் காதுக்கு எட்டுவதில்லை. கடைசியில் அம்மாதான் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம தையல் மிஷின் வேகமா ஓடுற மாதிரி இருக்குங்க" என்றாள். ஷெட்டில் என்னிடம் வேலை பார்த்த பையன்களில் பாதிப் பேருக்கு இந்த அளவு சொல்லத் தெரியாது.

தையல் மிஷின் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. சுத்தியலால் கட்டையில் தட்டுகிற மாதிரி என்று சொல்லியிருந்தால் அப்போதே ஓசூருக்கு பஸ் ஏறியிருப்பேன். லேசான டிக் டிக் இஞ்சினின் மேல்பக்கத்துச் சத்தம்: வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட், டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், இல்லையென்றால் புகைக்குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்து அடைப்பான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு காஸ்கட் வழியாகப் புகை கசிவது. கனமாக டொக் டொக் என்று வந்தால் கீழ்ப்பக்கம். பிஸ்டன்கள் சுற்றவைக்கிற தண்டான கிராங்க், பிஸ்டனை அதோடு இணைக்கிற கனெக்டிங் ராடு. டேப்பட்டை அசைக்கிற கேம் ஷாஃப்ட் சுற்றுவது கிராங்கின் பாதி வேகம்தான். வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடுகிற ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு டேப்பட் 400 தடவை தட்டும், தேய்ந்த ராடு பேரிங் 800 தடவை. எண்ண முடியாதுதான். ஆனால் பழகிய காதுக்கு எது நிதானம், எது அவசரம் என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் "புது வண்டி மேடம், ஓட ஓட சரியாயிடும்" என்றார்களாமே. இதே வார்த்தையை நானும் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு அப்போது நாலு வயது. செங்கல்பட்டுப் பக்கம் முட்டை லோடு அடிப்பவர். புது வேன், வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேடு ஏறும்போது மட்டும் கீழே என்னவோ தட்டுகிறது என்றார். ஷெட்டில் நிறுத்தி, ரேஸ் பண்ணிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஓட ஓட சரியாகும் என்று அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் கனெக்டிங் ராடு இஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பேரிங் சத்தம் லோடு ஏற்றினால்தான் நன்றாகக் கேட்கும், அதுவும் ஆயில் சூடாகி இளகிய பிறகு. காலி வண்டியை, ஆறின இஞ்சினோடு நிறுத்திவைத்து நான் தேடியிருக்கிறேன். அவர் திட்டக்கூட இல்லை. அப்புறம் நம் ஷெட் பக்கம் வரவும் இல்லை.

அதனால் சொல்கிறேன் பாப்பா, சத்தம் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் வாயால் செய்து காட்டிக்கொண்டிருக்காதே. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. நீ ரோஜா லோடுக்கு விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணுகிறாய். ஓசூர் குளிரில் எந்த டீசலும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தட்டும். டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகி ஒரேயடியாக எரிகிற சத்தம் அது. இஞ்சின் சூடானால் அடங்கிவிடும். ஆனால் மேனிஃபோல்டு கசிவும் அதே மாதிரிதான் ஏமாற்றும். இரும்பு சூடாகி விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால், நீ சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் சத்தம் ஒளிந்துகொள்ளும். என் சந்தேகம் இதில்தான். வண்டியை முதல் நாள் மாலையே அங்கே விட்டுவிட்டு, மறுநாள் காலை உன் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல். காஸ்கட் ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

நியூட்ரலில் கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் இஞ்சினை விட்டுவிடலாம், கோளாறு கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம். ஏசி போட்டதும் கீச்சென்று கத்தினால் முதலில் பெல்ட்டைப் பார்க்கச் சொல். இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் பண்ணும்போது ஐட்லிங் ஏறும், ஃபேன் ஓடும், தீய்ந்த வாடை வரும். அதைப் பார்த்துப் பயந்து வண்டியை அணைத்துவிடாதே. எரிந்து முடியட்டும், நீ ஓட்டிக்கொண்டே இரு. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் எந்த யோசனையும் வேண்டாம். ஓரம்கட்டி உடனே ஆஃப் பண்ணு, பூ வாடினாலும் பரவாயில்லை.

எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்க நாங்கள் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம், டீசல் போகாமல் எதில் சத்தம் அடங்குகிறதோ அதுதான். பழைய இஞ்சினில் அது சரி. உன் வண்டி காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும். அந்தப் பைப்பில் 1600 பார் அழுத்தம், அதற்கு மேலும் போகும். உன் டயரில் இருப்பது நாலைந்து பார்தான். அந்த டீசல் பீய்ச்சினால் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். ரோட்டோர மெக்கானிக் யாராவது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடு. வாரண்டி போய்விடும் என்பது அப்புறம்தான்.

சர்வீஸ் சென்டரில் வேலையைக் குறித்துக்கொள்கிற ஜாப் கார்டில் "பொதுச் செக்கப்" என்று எழுத விடாதே. "குளிர்ந்த இஞ்சினில் டிக் டிக் சத்தம், இத்தனை நிமிஷத்தில் நிற்கிறது" என்று எழுதச் சொல்லி, ஒரு காப்பி வாங்கி வைத்துக்கொள். பின்னால் பெரிதாகிவிட்டால் அந்தத் தாள்தான் பேசும். சத்தம் லோடில் மட்டும் வந்தால் சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து லோடோடு ஒரு ரவுண்டு போ. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாய்ஸ் மெசேஜ் இனி வேண்டாம். பின்னால் வரும் சத்தத்தை அது அமுக்கிவிடுகிறதாம், எதிர்வீட்டுப் பையன் சொன்னான். திங்கட்கிழமை விடியற்காலை துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே வீடியோ எடுக்க ஆரம்பி. ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. உடனே அனுப்பு. நாலு மணிக்கு நாங்கள் முழித்துக்கொண்டுதான் இருப்போம். அம்மா கேட்டுச் சொல்வாள்.

அப்பா