வெள்ளைப் புகை வந்தால் கேஸ்கட் போச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வாகனக் கேள்வி-பதிலில் ஒரு பதில் படித்தேன். இன்ஜின் கொதித்த வண்டியில் வெள்ளைப் புகை வந்து, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலேடு போலப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாமாம். கோயம்புத்தூரில் ஓடும் வண்டிக்கு இது ஓரளவு சரியாக இருக்கலாம். ஊட்டியில் ஜனவரி மாதம் இந்தக் கணக்கைப் போட்டால், எங்கள் காந்தல் பகுதியில் நிற்கும் பாதி வண்டிகளுக்கு ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

நான் காந்தலில் வர்க்கி போடுகிறவன். பழைய பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தப் பொங்கல் விடுமுறையில் மேட்டுப்பாளையம் போய் மைதா ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பர்லியார் தாண்டியதிலிருந்து ஒரே நெரிசல். லாரிக்குப் பின்னால் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து, காட்டேரிக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். சுற்றுலா வந்த தம்பி ஒருவர் உதவி செய்யும் ஆசையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். கையெடுத்துக் கும்பிட்டு அவரை நிறுத்தினேன். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்த தழும்பு என் முழங்கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சூடான அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் ஒரு வாரம் ஊருக்குள்ளேயே கடை கடையாகச் சரக்குப் போட்டேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார், வெள்ளையாகப் புகை. ஆயில் மூடியைக் கழற்றினார். அடியில் வெண்ணெய் போல அப்பியிருந்தது. “கேஸ்கட் போச்சுண்ணே, ஹெட்டை இறக்கணும்” என்றார். பதினெட்டாயிரம் ரூபாய், நான்கு நாள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உங்கள் பதிலில் இருந்ததைத்தான் அவரும் நம்பினார்.

என் அக்காள் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்தில் முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். போனில் கேட்டேன். “மாப்ள, டிப்ஸ்டிக்கைப் பார்த்தியா?” என்பதுதான் முதல் கேள்வி. ஆயில் அளவு பார்க்கும் அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அதிலும் பால் காபி நிறம் தெரியும். மூடியில் மட்டும் படிந்திருப்பது பெரும்பாலும் வியர்வை நீர்தான். காந்தலுக்கும் சேரிங் கிராஸுக்கும் நடுவே ஓடி ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் குளிர்ந்த மூடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. புகையும் அப்படித்தான். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும், உறைபனிக் காலையில் அது கண்ணுக்குத் தெரியும். என் வண்டியில் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால்தான் கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சரி, தண்ணீர் எங்கே போனது? பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் பாட்டில் வாய்வரை நிரம்பியிருந்தது. ரேடியேட்டர் மூடி கெட்டாலும் இப்படி ஆகும், கேஸ்கட் ஓட்டையில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு நுழைந்து தண்ணீரைத் தள்ளினாலும் இப்படி ஆகும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் மச்சானே கோயம்புத்தூரில் சோதனைக் குழாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, நீலத் திரவம் ஊற்றி, ஓடும் இன்ஜினிலிருந்து காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகிவிடும். இரண்டு தடவை பார்த்தோம், நீலம் நீலமாகவே நின்றது. அதோடு அவர் விடவில்லை. எல்லாக் கேஸ்கட் ஒழுக்கும் இதில் அகப்படாதாம். இரவு ரேடியேட்டருக்குப் பம்பால் அழுத்தம் கொடுத்து வைத்தார், காலையில் பம்பின் அழுத்த முள் இறங்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார், எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன.

குற்றவாளி ரேடியேட்டர் மூடி. ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மலையில் இந்த மூடிக்கு வேலை அதிகம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 110 டிகிரிக்கு மேலும் தாங்கும், பிடிக்காவிட்டால் கொதித்துப் பாட்டிலுக்குப் போய்விடும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா வண்டிக்கும் மூடிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு டாக்சிக்கு உண்மையிலேயே கேஸ்கட் போயிருந்தது. காலையில் கிளப்பிய இரண்டாவது நிமிடமே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும், ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் குமிழி நிற்காமல் வரும். சீசன் முடியட்டும் என்று ஓட்டினார். கடைசியில் தண்ணீர் ஆயிலில் கலந்து பேரிங்குகளும் போயின. ஹெட்டை இறக்கிய பிறகு, அது வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துக்கூடப் பார்க்காமல் புதுக் கேஸ்கட்டை வைத்து மூடினார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே கதை.

ஆகவே உங்கள் பதிலைத் திருத்தி, மலை வாசகர்களுக்காக ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள்: ஹெட்டைத் தொடுவதற்கு முன் டிப்ஸ்டிக், ரேடியேட்டர் மூடி, நீலத் திரவச் சோதனை. மச்சானின் சோதனைக் குழாய் இப்போது என் கடையில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இரவல் தருகிறேன், திரவத்தை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வர்க்கிக் கடைக்காரர்,
காந்தல், உதகமண்டலம்