மாத்திரை போடப் போடப் பாசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தவளக்குப்பத்தில் என் மகன் வீட்டுப் பின்புறம் ஒரு சின்ன நீச்சல் குளம். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். ஏறத்தாழ 22,600 லிட்டர் பிடிக்கும். கோடை விடுமுறைக்கு நானும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான். இந்த மே மாதம் குளித்ததைவிடக் குளத்தோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம்.

தண்ணீர் பச்சை தட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரரைக் கேட்டால், "இன்னும் ரெண்டு குளோரின் மாத்திரை சேர்த்துப் போடுங்கம்மா" என்பார். சோதித்தால் குளோரின் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 3 பங்கு), அமில-கார அளவான பி.எச். 7.4. இரண்டும் சரியாகவே இருக்கின்றன. அப்புறம் பாசி எங்கிருந்து வருகிறது?

முப்பது வருடம் வேதியியல் நடத்தியவளுக்கு டப்பாவைத் திருப்பிப் பார்க்க இத்தனை நாளானது வெட்கம்தான். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும்: ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். இது கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் குடை அது. 30 முதல் 50 பி.பி.எம். வரை நல்லது. மிஞ்சினால் குளோரின் குடைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், பாசியைக் கொல்ல வெளியே வராது. வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், இது அப்படியே தங்கிவிடும். எங்கள் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று போட்டால் சுமார் 5 பி.பி.எம். ஏறும். பொங்கலிலிருந்து வாரம் இரண்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சயனூரிக் அமிலத்தை அளக்கும் சோதனைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சோதனை மருந்து கலந்த குளத்து நீரை மேலிருந்து பார்த்தபடி ஊற்ற வேண்டும். புள்ளி மறையும் கோடுதான் அளவு. எங்கள் தண்ணீர் பால் போலத் திரிந்து, 100-க்கான முதல் கோட்டை எட்டும் முன்பே புள்ளியை விழுங்கிவிட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 80. அதாவது 160!

இதைக் குறைக்க நடைமுறையில் ஒரே வழி, தண்ணீரை மாற்றுவதுதான். கோடையில் 11,000 லிட்டரை வெளியேற்ற மனசு வராது. மோட்டாரைப் போட்டுவிட்டு மருமகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. முழுக்கக் காலி செய்யவில்லை; நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் காலித் தொட்டியை அது அடியிலிருந்து தூக்கிவிடும். ஒரு வாரம் விட்டு மறுபடி பாதி மாற்றியதும் 40-க்கு வந்தது. இப்போது மாத்திரை கிடையாது, சயனூரிக் அமிலம் சேராத ஹைப்போகுளோரைட் மட்டும்.

ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மாத்திரைத் தூள் ஒட்டிய மக்கிலேயே பிளீச்சிங் பவுடரை அள்ளப் போனான். பதறிப் பிடுங்கினேன். இவை இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அவனைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டையும் 'குளோரின்' என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன, எதோடு சேரக்கூடாது என்று டப்பாவில் தமிழில் இரண்டு வரி அச்சிட வியாபாரிகளுக்கு என்ன செலவாகிவிடும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.