கெட்டில் போட்டால் இன்வெர்ட்டர் ஏன் கத்துகிறது

கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். காலையில் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகிற மெல்லிய ஒயரைக் கண்டதும் பக்கென்றது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

100 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு, இரண்டும் ஃபுல் சார்ஜ், ஆனாலும் கெட்டிலைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது என்கிறாய். மாப்பிள்ளை இன்னொரு பேட்டரி வாங்கலாம் என்கிறார். இப்போதைக்கு வேண்டாம். பக்குவமாக எடுத்துச் சொல்.

12 வோல்ட்டில் 200 ஏஎச் என்றால் 2400 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கையில் இருப்பது 1200. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, சுமார் 120 போதும். ஆக இருப்பில் குறையில்லை. இழுக்கிற வேகம்தான் வில்லங்கம். 230 வோல்ட் பிளக்கில் ஆறேழு ஆம்பியர் எடுக்கிற அதே 1500 வாட் கெட்டில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 140 ஆம்பியர் இழுக்கும். உன் ஹேர் டிரையரும் இதே ஜாதி. ஃபேன், லேப்டாப் பற்றியெல்லாம் கவலைப்படாதே.

கெட்டில் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரி முனையில் ஒரு தடவை வை, இன்வெர்ட்டரில் பேட்டரி ஒயர் வந்து சேரும் முனையில் ஒரு தடவை வை. இரண்டிலுமே வோல்டேஜ் சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அப்போது மாப்பிள்ளை சொன்னதைப் பார்க்கலாம். அங்கே 12, இங்கே 11 என்றால் ஒரு வோல்ட் ஒயரிலேயே போகிறது. ஒரு வோல்ட், 140 ஆம்பியர்: 140 வாட் சூடு, நீங்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில்! தனக்கு வந்து சேரும் வோல்டேஜ் சரிவதைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் கத்துகிறது, அதுவும் நல்லதற்குத்தான்.

நானும் ஒருமுறை ஸ்பேனர் எடுக்கச் சோம்பல்பட்டு, லக்கை (ஒயர் நுனியில் மாட்டுகிற உலோக வளையம்) இறுக்கும் நட்டைக் கையால் திருகியே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மீன் வாடை மாதிரி அடித்தது. அம்மாதான் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து கேட்டாள். போய்ப் பார்த்தால் சிவப்பு உறை உருகி லக்கோடு ஒட்டிக் கிடந்தது. ஒயர் தடியாக இருந்தும் அந்தக் கதி.

ஆகவே இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுவா. நடுவில் 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. லக்கை பிளையரால் நசுக்காதே, அதற்குரிய கிரிம்பிங் டூல் வைத்திருப்பவரிடம் கொடு. பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், போட்டோவில் அது கண்ணிலேயே படவில்லை. இன்னொன்று: பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறாய். பிளஸ்ஸை ஒன்றிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடு. இல்லாவிட்டால் ஒன்றே பாரத்தைச் சுமந்து சீக்கிரம் சாகும்.

படுக்கப்போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடு. எதுவும் ஓடாமல் சும்மா நின்றாலே அது 20 வாட் வரை தின்னும். எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-அவர். நீ காய்ச்சுகிற ஒரு லிட்டர் தண்ணீரைவிட அதிகம்! போனை 12 வோல்ட் சாக்கெட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்.

இரண்டு ரீடிங்கையும் எழுதி அனுப்பு. அதுவரை தண்ணீர் கேஸ் அடுப்பிலேயே கொதிக்கட்டும்.

அப்பா